கோல் கைமாறும் இடம்

ஆசிய நாடுகள் முதன்முதலாக ஒன்றுகூடிய விளையாட்டு விழா அது. பெண்கள் தொடரோட்டத்தில் கடைசி நூறு மீட்டர் தனக்குத்தான் என்று நம்பித்தான் ஜெசிந்தா டெல்லிக்கு ரயிலேறியிருந்தாள். பந்தயத்தன்று காலையில் பயிற்சியாளர் அதை அணியில் இளையவளான சுலோச்சனாவுக்குக் கொடுத்துவிட்டு, இவளை மூன்றாவதாக ஓடச் சொன்னார். பத்திரிகைக்காரர்களின் கேமராக்களோ முடிவுக்கோட்டில்தான் நின்றன. "நீங்க கோலை என் கையில குடுத்தாப் போதும்க்கா, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றாள் சுலோச்சனா, வெள்ளை மனசோடு. ஜெசிந்தாவுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலிலேயே அவள் வாழ்நாளில் ஓடாத ஓட்டம் ஓடி, எல்லாரையும் முந்திக்கொண்டு வந்தாள். சுலோச்சனா ஓடத் தொடங்கியபடியே கையைப் பின்னால் நீட்டினாள். அந்த உள்ளங்கையில் கோலை வைத்த பிறகும் ஜெசிந்தாவின் விரல்கள் பிரியவில்லை. ஒரே கோலைப் பிடித்தபடி இருவரும் ஓடினார்கள். அதற்குள் கோல் கைமாறாவிட்டால் அணியையே நீக்கிவிடும் எல்லைக்கோடு நெருங்கிக்கொண்டிருந்தது. "அக்கா, விடுங்க!" என்று சுலோச்சனா வெடுக்கென இழுத்துக்கொண்டு பறந்தாள். ஜப்பான்காரி அவளை ஒட்டி வந்துவிட்டாள். கூட்டம் எழுந்து நின்றது. "ஓடுடி சுலோ, ஓடு!" என்று ஜெசிந்தா தொண்டை கிழியக் கத்தினாள். அவள் கண்கள் மட்டும் ஜப்பான்காரியின் கால்களை விட்டு அகலவில்லை.