அணில் தவறவிட்ட கிளை

ஒரு பனைமரத்தில் அணில் ஒன்று குடியிருந்தது. பக்கத்து வேப்பமரத்தில் அதன் சிநேகிதி மைனா இருந்தது. பனை உச்சியில் கள்ளுக் கலயம் கட்டிய நாள்முதல் அணில் அதில் வாய் வைக்கப் பழகிவிட்டது.

முதலில் ஒரு வாய்தான். போகப் போக, அது இல்லாமல் அணிலுக்குப் பொழுதே விடியவில்லை. சில மாதங்களில் பழத்தைப் பார்த்தாலே குமட்டியது. வயிறு வீங்கிக் கண்கள் மஞ்சளாயின. கொட்டையைக் கையில் எடுத்தால் கை நடுங்கி, கொட்டை நழுவி விழுந்தது.

"உடம்பு ஏண்ணே இப்படி ஆயிடுச்சு?" என்று மைனா கேட்டது.

"வெயில் ஒத்துக்கலம்மா" என்றது அணில்.

ஒருநாள் காலையில், தினமும் தாவுகிற வேப்பங்கிளைக்கு அணில் தாவியது. கிளை கைக்கு எட்டவில்லை. தரையில் விழுந்த அணில் கண் திறந்தபோது, மைனா பக்கத்தில் நின்று சிறகால் விசிறிக்கொண்டிருந்தது.

"கிளை தள்ளிப் போயிடுச்சும்மா."

"கிளை அங்கேயேதாண்ணே இருக்கு" என்றது மைனா.

அணில் வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு, "இனிமே குடிக்கக் கூடாதுன்னுதான் இருக்கு. ஆனா அந்த மரத்துல தனியா இருந்தா மறுபடியும் குடிச்சிடுவேன்" என்றது.

"அப்போ என் மரத்துக்கு வந்துடுங்க."

அன்று மைனா பறக்கவில்லை. அணில் நொண்டி நொண்டி வேப்பமரம் போய்ச் சேரும்வரை, அதன் கூடவே நடந்து போனது.