கண்ணாடியில் ஒரு கைத்தடம்

பாப்பா இறந்தபிறகு என் மனைவி பேசுவதில்லை. வீட்டில் நான் சுவரோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு மாறுதலுக்காக அவளைப் பழைய பேராலயத்துக்கு அழைத்துப்போனேன்.

முதல் பேராயரின் மகளுக்கு ஞானஸ்நானத்தன்று போட்ட கவுனை அங்கே கண்ணாடிப் பெட்டியில் பூட்டிவைத்திருக்கிறார்கள். கண்ணாடியில் சின்னதாக ஒரு கைத்தடம் இருந்தது.

"எவ்வளவு தொடச்சாலும் போகமாட்டேங்குது சார். உள்பக்கம் இருக்கு. பூட்டு துருப்பிடிச்சுப்போச்சு, எங்கப்பா காலத்துலேருந்து தொறக்கல," என்று சலித்துக்கொண்டார் ஆலய ஊழியர்.

மனைவி அந்தத் தடத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள். "சூடா இருக்குங்க," என்றாள்.

"கை வெக்காதீங்கம்மா!" என்று அதட்டினார் ஊழியர்.

அவள் கையைப் பிடித்து இழுத்தேன். சில்லிட்டிருந்தது.

ஊழியர் அவளுடைய கைத்தடத்தைத் துணியால் துடைத்தார். போகவில்லை. வாயால் ஊதி, அழுத்தித் துடைத்தார். பிறகு துணியை மடித்துக்கொண்டு, எங்களைப் பார்க்காமலே சொன்னார்:

"இதுவும் உள்பக்கந்தான் சார்."