எந்த வரியில் இருக்கிறது?

"இடுப்பு செத்தே போச்சு, ராய்ஸ். அந்தக் கதையை அடிச்சுட்டு அடுத்ததுக்குப் போ," என்றாள் ஆர்லீத்தா.

காலையிலிருந்து மடக்கு நாற்காலியில் உட்கார்ந்த வலி. ஜாக்சன் நகரத்து ஹோட்டல் ஹாலில், எலும்பு வரைக்கும் இறங்கும் ஏசி குளிரில், மாநிலத்தின் நாலா மூலையிலிருந்தும் வந்த இங்கிலீஷ் வாத்தியார்கள் ஜோடி ஜோடியாகக் குனிந்திருந்தார்கள். பதினோராம் வகுப்பு இலக்கியப் பாடநூலைச் சரிபார்க்கும் வேலை. அதிலுள்ள ஒவ்வொரு கதையும் மாநிலம் வகுத்த கற்பித்தல் விதிகளில் ஒன்றுக்காவது பொருந்த வேண்டும். ஜோடியில் ஒருவர் 'பொருந்தாது' என்றாலும் கதை வெளியே போய்விடும்.

பொறுப்பாளர் மிஸஸ் ஹாலிஸ் தினமும் காலையில் ஒரே பாட்டைத்தான் பாடுவாள். பதிப்பகத்தார் காபி வாங்கிக் கொடுத்தாலும் தொடாதீர்கள். எழுதினவர்களில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுங்கள். கதையைப் பற்றி எதைச் சொன்னாலும் அது இருக்கிற வரியைத் தொட்டுக் காட்டுங்கள். எல்லோரும் கொட்டாவி விட்டுக்கொண்டே தலையாட்டுவார்கள்.

அந்தக் கடைசி விதி ஆர்லீத்தாவுக்கு உயிர். ராய்ஸ் எதற்கு வாயைத் திறந்தாலும் "எந்த வரியில இருக்கு?" என்று மடக்கிவிடுவாள். பக்கத்து மேசைக்காரர்கள் அவளுக்கு அதையே பட்டப்பெயராக வைத்திருந்தார்கள்.

இன்று ராய்ஸ் மடங்குவதாக இல்லை. டெல்டா என்கிற ஆற்றுச் சமவெளிப் பக்கம், கெளுத்தி மீன் ஆலை இருக்கிற ஊரில் வாத்தியார் அவன். வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் அந்த ஆலையில் மீன் அறுக்கிறவர்கள். ஆலையில் நின்ற ஒருத்தியே எழுதிய கதை இது. இத்தனை தடிமனான புத்தகத்தில் அந்தப் பிள்ளைகள் வீட்டு வாடை அடிக்கிற பக்கம் இது ஒன்றுதான், இதையும் கிழித்து எறிந்துவிட்டு நான் எந்த முகத்தோடு வகுப்புக்குப் போவேன் என்று கேட்டான்.

கதை சின்னதுதான். அக்காக்காரி ஐஸ் தண்ணீரில் நின்று மீன் அறுத்துத் தங்கையைக் காலேஜுக்கு அனுப்புகிறாள். கத்தி பிடித்துப் பிடித்து விரல்கள் மடங்காமல் போகின்றன. தன் தலையைத் தானே வாரிக்கொள்ள முடியவில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்து உனக்குத் தலை அலசிப் பின்னிவிடுகிறேன் என்று தங்கை சொல்லியிருக்கிறாள். அக்கா சீப்பை மடியில் வைத்துக்கொண்டு சமையலறையில் காத்திருக்கிறாள். அதோடு கதை நின்றுவிடுகிறது.

"கதையை எங்க ஆரம்பிக்கணும், எங்க முடிக்கணும்னு எழுதினவங்க ஏன் தீர்மானிச்சாங்க, அதைப் பிள்ளைங்க யோசிக்கணும்னு ஒரு விதி இருக்குல்ல, மிஸ் ஆர்லீத்தா. இதைவிட என்ன பொருத்தம் வேணும்?"

"இது முடிவே இல்ல. பாதியில விட்டுட்டுப் போயிருக்கா."

"அதான் முடிவு. தங்கச்சி வரல."

"வரலன்னு எந்த வரியில இருக்கு?"

ராய்ஸ் சிரித்துவிட்டான். ஆர்லீத்தா சிரிக்கவில்லை. எழுதினவளுக்கு ஒரு பக்கம்தான் தெரியும், தங்கைக்கும் ஏதாவது நியாயம் இருந்திருக்கலாம், பஸ் கட்டணத்துக்கே வழியில்லாமல் இருந்திருக்கலாம், அப்புறம் நாளாக நாளாக வருவதற்கே கூச்சமாகப் போயிருக்கலாம், அதையெல்லாம் விட்டுவிட்டு ஒருத்தியைப் பிள்ளைகள் முன்னால் நிற்கவைத்து ஏச்சு வாங்கித் தருவது இலக்கியமா என்றாள். ஒரு மூச்சில் சொன்னாள்.

"யாரும் அவளை ஏசலையே. அக்காகூட ஏசல. உங்களுக்கு இந்தக் கஷ்டமெல்லாம் தெரியாது. உங்க கையில மீன் வாடை பட்டிருக்குமா?" என்றான் ராய்ஸ். சொன்ன பிறகு, அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று தேநீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினான்.

ஆர்லீத்தா குவளையைத் தொடவில்லை.

"சும்மா அழ வைக்கிற வேலை இது. ரெண்டு பல்லு போன ஒரு பச்சைச் சீப்பை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்துட்டா கதை முடிஞ்சிருமா? எனக்குப் பொருந்தல."

பென்சிலை எடுத்துப் 'பொருந்தாது' என்ற கட்டத்தை அழுத்திக் கறுப்பாக்கினாள். மிஸஸ் ஹாலிஸ் வந்து தாளை வாங்கிப் பெட்டிக்குள் போட்டாள். பெட்டிக்குள் போனது திரும்பி வராது. வெர்னெல் டாட்சன் என்ற மீன் ஆலைக்காரி எழுதிய ஒரே கதை, எந்தப் பிள்ளையின் கைக்கும் போகாமல் அதோடு முடிந்தது.

நாற்காலிகளை மடக்கும் சத்தம் கிளம்பியது. எல்லோரும் சாப்பிடப் போகும் அவசரத்தில் இருந்தார்கள். ராய்ஸ் மட்டும் எழவில்லை. மனசு ஆறாமல் அந்தக் கதையை மறுபடி படித்துக்கொண்டிருந்தான். அவனுடைய விரல் வரி வரியாக இறங்கியது. கடைசி வரிக்கு வந்தது. திரும்ப மேலே போய், மறுபடி இறங்கியது.

"மிஸ் ஆர்லீத்தா."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிளம்பியவள் திரும்பினாள்.

"வெறும் சீப்புன்னுதான் போட்டிருக்கு. பச்சைன்னு இல்ல. பல்லு போனதுன்னும் இல்ல." அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். குரலில் கோபம் போயிருந்தது. "அது எந்த வரியில இருக்கு?"

அது எந்த வரியிலும் இல்லை. பள்ளிக்கூட நாள் தவறாமல் அந்தப் பச்சைச் சீப்பு ஓடியது ஆர்லீத்தாவின் தலையில்தான். வெர்னெல் அக்காவுக்கு ஒரு தடவை தலை வாரிவிட வேண்டிய கடன் அவளிடம் இன்னும் அப்படியே இருக்கிறது.