ஆறாயிரம் அடியில் ஒரு பாடவேளை

"முகத்தைச் சிரிச்ச மாதிரியே வெச்சுக்கிட்டுக் கேளுங்க டீச்சர். முன்சக்கரம் இறங்க மாட்டேங்குது."

விமானி இதைக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. எஞ்சின் இரைச்சல் அப்படி. டீச்சர் விமானி அறையின் கதவை முதுகால் அழுத்திச் சாத்தினாள்.

"இறங்கலைன்னா?"

"மூக்கைத் தரையில தேய்ச்சுக்கிட்டு நிக்கணும். அதுக்கு முன்னாடி எரிபொருள் தீரணும். முக்கால் மணி நேரம் சுத்துவேன். அதுவரைக்கும் பிள்ளைங்க பயந்து எழுந்து முன்னாடி ஓடி வரக் கூடாது. சின்ன விமானம், மூக்கு கனத்துடும். நான் தலையாட்டினதும் எல்லாரையும் பின்சீட்டுக்கு அனுப்பிடுங்க. முடியுமா?"

"அஞ்சாம் வகுப்பு சார். பல்லி விழுந்தாலே பள்ளிக்கூடத்தைக் கூட்டிடுவாங்க."

"அப்ப ஏதாவது பாடம் நடத்துங்க" என்று விமானி திரும்பிக்கொண்டார்.

மாநிலத்தைப் பற்றிய போட்டியில் முதல் பரிசு வாங்கிய பதிமூன்று பிள்ளைகள். பரிசே இந்தப் பயணம்தான். சின்ன மாநிலம், மேலே ஒரு வட்டம் அடித்தால் மலையிலிருந்து கடல் வரை தெரிந்துவிடும். டீச்சருக்கும் இதுதான் முதல் விமானம்.

பாட்டில் தண்ணீரைப் பாதி புடவையிலும் பாதி வாயிலுமாகக் குடித்துவிட்டு அவள் கதவைத் திறந்தாள். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அதற்குள் ஒரு கை உயர்ந்தது. வகுப்பிலேயே ஒல்லியானவன், பட்டப்பெயர் குண்டூசி.

"டீச்சர், அந்த ஆறு ஏன் இப்படி வளைஞ்சு வளைஞ்சு போகுது? நேரா போனா சீக்கிரம் கடலுக்குப் போயிடலாம்ல?"

டீச்சருக்கு ஆச்சரியம். சத்தம் போடுவதில் குறை வைக்காத வகுப்புதான். கேள்வி கேட்கச் சொன்னால் மட்டும் எல்லார் வாயிலும் பூட்டு.

"பாறை வழி விடாதுடா. மண்ணு விடும். விட்ட பக்கமா தண்ணி போகும்" என்று சொல்லியபடி ஜன்னலில் குனிந்தாள்.

குனிந்தவள் நிமிரவில்லை.

பன்னிரண்டு வருடமாகக் கரும்பலகையில் நீலச் சாக்பீசால் அவள் இழுத்த அதே கோடு. இப்போது வெயிலில் மினுங்கிக்கொண்டு, வயலுக்கு வயல் கிளை பிரிந்து, கடலருகே போனதும் கைவிரல்களாக விரிந்து கிடந்தது. தான் இத்தனை நாள் சொன்னதெல்லாம் உண்மை என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

"அந்தக் குன்று மேல நட்சத்திரம் மாதிரி இருக்கே, அது?" வகுப்புத் தலைவி கேட்டாள். அதட்டலாகப் பேசுவதால் அவளுக்குப் பெயர் கலெக்டர்.

"கோட்டை. நானூறு வருஷம் ஆகுது."

"மேல இருந்து பார்க்காமலே எப்படி டீச்சர் நட்சத்திரமா கட்டினாங்க?"

"நூலும் முளைக்குச்சியும் வெச்சு. கட்டினவங்க யாருமே இப்படி ஒரு தடவை பார்த்ததில்லம்மா. நாமதான் பார்க்கிறோம்."

அடுத்த கை. அதற்கடுத்த கை. ஊர் நீளத்துக்குச் சிவப்பும் மஞ்சளுமாகக் கோடுகள். நெசவாளர்கள் காயப்போட்ட சாய நூல். கண்ணாடி பதித்த மாதிரி கட்டம் கட்டமாக வெள்ளை. உப்பளம். "காலையில நீ சாப்பிட்டதுல அதுல ஒரு சிட்டிகை இருக்கு" என்றாள். துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தீக்குச்சிகளாய்த் தெரிந்தன.

ஆற்றின் இந்தக் கரையில் கல்யாணத்துக்குப் பாடும் மெட்டில்தான் அந்தக் கரையில் அறுவடைக்குப் பாடுவார்கள் என்றபோது, வருடம் முழுக்க வாயே திறக்காத கடைசி சீட்டுப் பெண் கேட்டாள், "அது எப்படி டீச்சர்?"

"பாலம் வந்தது எங்கப்பா காலத்துலதான். பாட்டு அதுக்கு முன்னாடியே படகு ஏறிப் போயிடுச்சு."

டீச்சர் சக்கரத்தை மறந்தே போயிருந்தாள். விமானி அறைக் கதவு திறந்து தலை ஒன்று ஆடியபோதுதான் நினைவு வந்தது.

"இப்ப நீங்கதான் ஆறு" என்றாள். "இந்தப் பக்கம் மலை, பின்னாடி கடல். தண்ணி எல்லாம் கடலுக்குப் போகட்டும்."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் இடிக்காமல் பின்சீட்டுகளுக்கு வழிந்து போனார்கள்.

"பெல்ட் போட்டாச்சா? உப்பளத்துல வேலை செய்றவங்க எப்படிக் குனிவாங்க..."

அவள் முடிப்பதற்குள் பதிமூன்று தலைகளும் முழங்காலில் இருந்தன. நடுவில் ஓர் இருக்கையில் விழுந்து தானும் குனிந்துகொண்டாள்.

பின்சக்கரங்கள் தரையைத் தொட்டன. மூக்கு மெல்லச் சாய்ந்தது. அப்புறம் தகரத்தை ரம்பத்தால் அறுக்கிற சத்தம், தீயும் நாற்றம், பக்கவாட்டில் ஒரு பெரிய இழுப்பு. பிறகு ஒன்றுமில்லை.

ஓடுபாதை ஓரத்துப் புல்லில் வைத்துப் பிள்ளைகளை மூன்று முறை எண்ணினாள். பதிமூன்று. தீயணைப்பு வண்டி நுரையைப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. எண்ணி முடித்து உட்கார்ந்தவள் பக்கத்தில் கலெக்டர் வந்து உட்கார்ந்தாள்.

"நல்லவேளை, உங்களுக்கு எதுவும் தெரியலை" என்று டீச்சர் அவள் தலையை வருடினாள். "ஏம்மா, ஒரு வருஷமா நானும் கேள்வி கேளுங்கன்னு தொண்டை கிழியக் கத்தியிருக்கேன், ஒருத்தரும் கேள்வி கேட்டதில்ல. இன்னைக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு இத்தனை கேள்வி?"

கலெக்டர் புல்லைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்.

"பைலட் சார் உங்ககிட்டப் பேசினப்ப மைக்கை அணைக்க மறந்துட்டார் டீச்சர். பாடம் நடத்துறப்ப மட்டும் உங்களுக்குப் பயமே வராதுல்ல, அதான் நீங்க கதவைத் திறக்கிறதுக்குள்ள ஆளுக்கொரு கேள்வி பிரிச்சுக்கிட்டோம்."