ஏழா, எட்டா

"ஏழாம் தேதியை எட்டுன்னு மாத்தணும் தம்பி. வேற ஒண்ணும் வேணாம்."

வகுப்பு முடிந்த கணினி அறையில், மாணவர் நாற்காலி ஒன்றின் நுனியில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். விசாரித்து விசாரித்து, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

கணினி ஆசிரியன் திரையை அவர் பக்கம் திருப்பினான். எந்த ஊரில், எந்த நாளில், கடிகாரத்தை எவ்வளவு தள்ளி வைத்தார்கள் என்று பல நாட்டு ஆர்வலர்கள் கூடி எழுதிவரும் தரவுத்தளம். அந்த அம்மாளின் ஊர் அவன் பொறுப்பு.

நாற்பத்தாறு வருடங்களுக்கு முன், கலவர நாட்களில், அரசாங்கம் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அரசிதழில் ஏழாம் தேதி. திரையிலும் அதேதான்.

ஏழாம் தேதி சாயங்காலம்தான் அவருடைய கணவர் சுடப்பட்டார்.

பம்பு மெக்கானிக். விடிவதற்கு முன்பே கிளம்பிப் போய், ஊருக்கு வெளியே ஒற்றை ஆளாக ஒரு மோட்டாரோடு மல்லுக்கட்டிவிட்டு, ஆறு மணி ஊரடங்குக்குள் வீடு சேர்ந்துவிடலாம் என்று சைக்கிளை மிதித்தார்.

அவர் கைக்கடிகாரத்தில் ஐந்து இருபது. காவலர்களுடையதில் ஆறு இருபது.

'ஊரடங்கை மீறியவர்' என்று எழுதி மூடிவிட்டார்கள்.

அந்த அம்மாள் ஏறாத படி இல்லை. ஊருக்கெல்லாம் தெரிந்த நேரம் உன் வீட்டுக்காரருக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும் என்றே எல்லோரும் கேட்டார்கள்.

ஆசிரியனுக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் ஆதாரம் இல்லாமல் ஒரு எழுத்தைக்கூட அசைக்க முடியாது.

அவர் ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினார். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. 'கொண்டுவரப்பட்ட நேரம்: மாலை 5.40.'

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அப்படியானால் ஆஸ்பத்திரியே பழைய நேரத்தில்தான் ஓடியிருக்கிறது! இது போதும். மளமளவென்று எட்டு என்று அடித்தான். கீழே, காரணம் எழுதும் கட்டத்துக்கு வந்தான்.

"நேரம் மாறுதுன்னு முந்தின நாள் ரேடியோவுல சொன்னது உங்க ஊர்ல யார் காதுலயும் விழலை. அப்படித்தானேம்மா?"

அவர் சீட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்தார்.

"நான் கேட்டேன் தம்பி. அவர் கிளம்பிப் போனப்புறம் சுவர்க் கடிகாரத்தைத் தள்ளி வெச்சதும் நான்தான்."

"அவர்கிட்ட நீங்க..."

"அப்போ எங்களுக்குள்ள பேச்சு இல்லை. மூணு நாளா."

அடித்ததை அழிக்கவும் முடியவில்லை, சேமிக்கவும் முடியவில்லை. அவன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"யாருக்குமே தெரியலைன்னு எழுதிடுங்க தம்பி," என்றார் அந்த அம்மாள்.