பதின்மூன்றாவது குழாய்

“அங்கிள், அம்மாவோட லெட்டர போட்டுட்டீங்களா?” என்று குணபூசணியின் சின்ன மகள் கேட்டாள். “போட்டாச்சும்மா,” என்றார் கனகலிங்கம்.

அந்தப் பொய்க்கு இப்போது பதினைந்து வயது. உடன் வேலை பார்த்த குணபூசணியும் அவரும், டாக்டர் பட்டம் முடித்த கையோடு, லண்டனில் இருந்த ஒரே ஆய்வுப் பணிக்கு விண்ணப்பம் எழுதினார்கள். பிரிக்பீல்ட்ஸ் தபால் நிலையத்துக்கு இரண்டையும் எடுத்துப்போன அவர், தன்னுடையதை மட்டும் போட்டார். லண்டன் போய்ப் பேராசிரியராகத் திரும்பினார். அவள் கிள்ளானில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி, போன தைப்பூசத்துக்கு மறுநாள் காலமானாள்.

அன்று முதல், அவருடைய ஆய்வகத்தில் மாலையில் ஐஸில் பன்னிரண்டு நொதிக் குழாய்கள் வைத்தால் காலையில் பதின்மூன்று இருந்தன.

“நம்ம பன்னெண்டுதானே வெச்சோம், டாக்டர்?” என்றாள் உதவியாளர் புஷ்பவல்லி.

“இருக்கட்டும். கொட்டிடாதீங்க.”

அந்தப் பதின்மூன்றாவது குழாயின் மூடியில் அன்றைய தேதி, குணபூசணியின் சாய்ந்த கையெழுத்தில்.

நொதியைக் கெடாமல் காக்கும் அந்த முறையே அவள் கண்டுபிடித்ததுதான். அதைப் பற்றி அவர் எழுதி முடித்திருந்த கட்டுரையில் அவள் பெயர் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை முதல் பக்கத்தைத் திரும்பத் தட்டச்சு செய்து, அவள் பெயரை மேலே போட்டார். கந்தசாமி கோயிலில் கும்பிட்டுவிட்டு, கட்டுரை வைத்த உறையைத் தபால் பெட்டியில் போட்டார்.

“போட்டாச்சும்மா,” என்றார். பக்கத்தில் யாரும் இல்லை.

மறுநாள் காலை ஐஸில் பன்னிரண்டு குழாய்களே இருந்தன. பதின்மூன்றாவது இருந்த குழி மட்டும் ஐஸ் உருகி மூடிப்போகாமல் அப்படியே இருந்தது.