உறுமிக் குழுவில் இடமில்லை

“அம்மா, ரோகினி என்னைக் குழுவுலேருந்து தூக்கிட்டா!”

ஷாமினி போனை நீட்டினாள். எஸ்டேட் உறுமி மேளக் குழுவின் வாட்ஸாப். அவளை நீக்கியிருந்தது குழுத் தலைவி ரோகினி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த உயிர்த் தோழி.

அம்மா தனலெட்சுமிக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு நாளாக வீட்டில் நடக்கும் சண்டையே இந்தக் குழுவால்தான். மகளுக்குப் பினாங்கு பல்கலைக்கழகத்தில் பார்மசி படிக்க இடம் கிடைத்திருக்கிறது. தம்பின் நகரைச் சுற்றி எந்த எஸ்டேட்டிலும் யாருக்கும் கிடைக்காத இடம். அவளோ பக்கத்திலுள்ள சிரம்பான் காலேஜுக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

“பினாங்குல படிப்பு, படிப்பு, படிப்புதான்மா. சிரம்பான்ல வாரா வாரம் புரோகிராம், உறுமிப் போட்டி. நம்ம செட்டு மொத்தமும் அங்கதான் சேருது. ரோகினி இல்லாம நாலு வருஷம் என்னால முடியாதுலா!”

இன்று மாலை ஐந்து மணிக்குள் பினாங்குக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஷாமினி மோட்டார் சைக்கிளில் ரோகினி வீட்டுக்குப் பறந்தாள். ரோகினி வாசலில் உட்கார்ந்து உறுமிக்குக் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“ஏன்டி தூக்கின?”

“உனக்குத் தாளம் போச்சு. போன வாரம் திருவிழாவுல நீ அடிச்ச அடிக்கு சாமியே வரல. பூசாரிக்குக் கொட்டாவிதான் வந்துச்சு.”

“அப்ப சிரம்பான் போட்டிக்கு?”

“வேற ஆள் பாத்தாச்சு. நீ காலேஜுக்கு வந்தாலும் எங்ககூட சேராத.”

அழுதுகொண்டே திரும்பிய மகள் நடந்ததைச் சொன்னதும் தனலெட்சுமி கொதித்துப் போனாள்.

“கொட்டாவியா? அன்னிக்குப் பூசாரிய மூணு பேரு புடிச்சும் அடங்கலையே! பொறாமைடி. உனக்குப் பினாங்கு கெடச்சிருச்சு, அவளுக்குக் கெடைக்கல. வயிறு எரியுது. இவளுக்கா நான் தீபாவளிக்குத் தீபாவளி முறுக்கு குடுத்தேன்!”

“அவளும் வேணாம், அவ காலேஜும் வேணாம்!”

ஷாமினி மூக்கை உறிஞ்சிக்கொண்டே லேப்டாப்பைத் திறந்து, பினாங்குக்குச் சம்மதம் என்று அழுத்தினாள். மணி நாலரை. ரோகினி பார்க்கட்டும் என்றே அதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸிலும் போட்டாள்.

இரண்டு நாளாகத் தான் கெஞ்சியது நடந்துவிட்டதைக்கூடக் கவனிக்காமல் தனலெட்சுமி ரோகினியைத் திட்டிக்கொண்டேயிருந்தாள்.

ஐந்து மணி தாண்டி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. போன் அதிர்ந்தது.

‘ரோகினி உங்களைக் குழுவில் சேர்த்துள்ளார்.’

கூடவே ஒரு செய்தி:

“இனிமே மாத்த முடியாதுல்ல, கழுதை? தீபாவளி லீவுக்கு இப்பவே பஸ் டிக்கெட் போட்டுடு. நீ அடிக்காம இந்த எஸ்டேட்டுல எந்தச் சாமிடி வரும்?”